முன்ஜாமீன் வகுப்பும் டார்ஷன் பெண்டுலமும்

1. டப்பாவில் ஆடிய குண்டு

பி.எஸ்சி. முதலாம் ஆண்டு இயற்பியல் மாணவர்களுக்கு அன்று முதல் லேப் வகுப்பு. நான் வருகைப் பதிவை முடித்துவிட்டு நிமிர்வதற்குள் ஒரு பையன் அப்சர்வேஷன் நோட்டை என் மேஜையில் வைத்துவிட்டு நின்றான். பெயர் பிரவீன். ஜீயபுரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவன். வாழைத்தோப்பு உள்ள வீடு.

"முடிச்சிட்டேன் மேடம். சைன் பண்ணிடுங்க."

சிம்பிள் பெண்டுலம் வைத்துப் புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். நோட்டில் அட்டவணை இருந்தது, கணக்கு இருந்தது, கடைசியில் 9.8 என்ற விடையும் இருந்தது. விடைக்குக் கீழே ஸ்கேல் வைத்து இரண்டு கோடு.

"பெண்டுலத்தோட குண்டு எங்கப்பா?"

"டப்பாவுல இருக்கு மேடம். இன்னும் எடுக்கல."

"டப்பாவுக்குள்ளயே ஆடுச்சா?"

வகுப்பு சிரித்தது. பிரவீனும் சேர்ந்து சிரித்தான். கூச்சப்படுகிற ரகம் இல்லை.

"சீனியரோட ரெகார்டு இருக்கு மேடம். எப்படியும் இந்த விடைதான வரப்போவுது? அப்புறம் எதுக்கு மேடம் சும்மா எண்ணிக்கிட்டு?"

அவனைத் திட்டுவதற்கு எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. அவன் வாதத்தில் ஓட்டை இல்லை. பள்ளிக்கூடத்தில் பிராக்டிகல் பரீட்சை என்பது ஏற்கெனவே தெரிந்த ஓர் எண்ணுக்குப் பக்கத்தில் போய் நிற்பது. எவ்வளவு பக்கத்தில் நிற்கிறோமோ அவ்வளவு மார்க். அதை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவர்களும் ஆசிரியர்கள்தான். விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு ரீடிங் எழுதுவதற்கு எங்கள் வட்டாரத்தில் சமையல் என்று பெயர். நல்ல சமையல்காரன் கடைசி இலக்கத்தை மட்டும் அங்கங்கே மாற்றி வைப்பான். எல்லா ரீடிங்கும் ஒரே மாதிரி இருந்தால் சந்தேகம் வரும் என்பது அவனுக்குத் தெரியும். பிரவீன் நல்ல சமையல்காரன்.

ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் காவிரிப் பாலத்தைத் தாண்டிப் போய், திருச்சியில் ஒரு கல்லூரியில் முப்பது வருடங்களுக்கு மேல் இயற்பியல் லேப் எடுத்து ஓய்வு பெற்றவள் நான். புதிதாக லேப் வகுப்புக்குப் போகும் இளம் ஆசிரியர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் ஒர்க்லோட், ரெகார்ட் திருத்தும் முறை, உடைந்த கருவிக்கு யார் பணம் கட்டுவது என்பவைதான். அதற்கெல்லாம் சுற்றறிக்கை இருக்கிறது. மாணவர் லேபுக்குள் வருவதற்கு முன்பு என்ன தயாரிப்போடு வர வேண்டும் என்பதற்கு மட்டும் சுற்றறிக்கை கிடையாது. அதனால் அதைப் பற்றி எழுதுகிறேன்.

2. முன்ஜாமீன்

நான் செய்தது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. லேப் வகுப்புக்கு முந்தைய நாள் மதியம் அரைமணி நேரம் ஒரு முன்வகுப்பு வைத்தேன். சிலபஸில் இல்லாத வகுப்புக்கு ஹால் ஒதுக்க முடியாது என்று துறைத்தலைவர் சொன்னார். விதிப்படி அவர் சொன்னது சரி. ஆகவே லேபுக்கு வெளியே வராந்தாவில் வைத்தேன். வராந்தாவை ஒதுக்கீடு செய்யத் தேவையில்லை. அந்த விதியும் எனக்குத் தெரியும்.

மாணவர்கள் அதற்கு முன்ஜாமீன் என்று பெயர் வைத்தார்கள். "நாளைக்கு லேப்ல மாட்டிக்காம இருக்க இன்னைக்கே போய் முன்ஜாமீன் வாங்கிட்டு வந்துடணும்டா" என்று ஒருவன் படியில் சொல்லிக்கொண்டு போனது என் காதில் விழுந்தது. நான் அந்தப் பெயரை ஆட்சேபிக்கவில்லை. என் வகுப்புக்கு மாணவர்கள் வைத்த பெயர்களில் அதுதான் நாகரிகமானது.

முதல் வாரம் ஃபார்முலா இல்லை, புரொசீஜர் இல்லை. வராந்தாக் கம்பியில் ஒரு பெண்டுலத்தைக் கட்டிவிட்டு, ஆளுக்கு ஒரு முறை இருபது ஆட்டத்துக்கு நேரம் பார்க்கச் சொன்னேன். பார்த்த எண்ணை அவரவரே போர்டில் எழுத வேண்டும். எழுதிய பிறகு அழிக்கக் கூடாது. அவ்வளவுதான் விதி.

போர்டு நிறைந்தது. ஒரே நூல், ஒரே குண்டு, ஆனால் ஆளுக்கு ஓர் எண். பின்னால் வந்தவர்கள் முன்னால் எழுதியிருந்ததைப் பார்த்துத் தங்கள் எண்ணை அதற்குப் பக்கத்தில் கொண்டுபோகப் பார்த்தார்கள். அதனால் எண்ணுகிறவர்களுக்குத் தெரியாதபடி போர்டைத் திருப்பி வைத்தேன். பிறகு உண்மை வர ஆரம்பித்தது.

"இதுல எது மேடம் சரி?" என்று கேட்டவள் ரெஜினா. காட்டூரிலிருந்து வருகிறவள். அப்பா வேன் ஓட்டுகிறார்.

"தெரியாதும்மா."

"உங்களுக்கே தெரியாதா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நானா நின்னு எண்ணினேன்?"

"அப்ப எதை வச்சு மார்க் போடுவீங்க?"

"அதான் கேள்வி. எந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம்னு சொல்லு, போடுறேன்."

அவள் முகத்தில் ஏமாற்றுக்காரியைப் பார்க்கும் பார்வை இருந்தது. கட்டணம் கட்டிப் படிக்க வந்த இடத்தில் டீச்சருக்கே விடை தெரியவில்லை என்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

அடுத்த வாரங்களில் முன்வகுப்புக்கு ஒரு வழக்கம் வந்துவிட்டது. மறுநாள் செய்யப்போகும் கருவியை வராந்தாவுக்குக் கொண்டுவந்து வைப்பேன். புத்தகத்தைத் திறக்கக் கூடாது. கையில் எடுத்துத் திருகிப் பார்க்கலாம். பிறகு மூன்று கேள்விகள். எதை அளக்கப் போகிறாய்? எந்த அளவில் சறுக்கினால் விடை அதிகமாகக் கெடும்? சறுக்கினால் விடை எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் போகும்?

மூன்றாவது கேள்விதான் அவர்களைப் படுத்தியது. தப்பு செய்யாமல் இருப்பது எப்படி என்று எல்லோரும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தப்பு நடந்தால் அது என்ன உருவத்தில் வந்து நிற்கும் என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. டார்ஷன் பெண்டுலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கம்பியின் நுனியில் கனமான வட்டத்தட்டு தொங்கும். தட்டைத் திருகி விட்டால் இடமும் வலமுமாகச் சுழன்று ஆடும். ஆடும் வேகத்திலிருந்து அந்தக் கம்பி முறுக்குக்கு எவ்வளவு விறைப்பாக இருக்கிறது என்று கணக்கிடலாம். அந்த விறைப்புக்கு ரிஜிடிட்டி மாடுலஸ் என்று பெயர். கணக்கில் கம்பியின் ஆரம் நான்காவது அடுக்கில் வருகிறது. தடிமன் அளக்கும் ஸ்க்ரூ கேஜில் ஆரத்தைத் துளி தப்பாகப் பார்த்தால் விடை அதைப்போல நான்கு பங்கு கெடும். ஸ்டாப்வாட்சைக் கண் கொட்டாமல் பார்க்கும் மாணவன் ஸ்க்ரூ கேஜை ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு வைத்துவிடுவான். முன்வகுப்பில் இதைப் பேசிய பிறகு வைக்க மாட்டான். அவ்வளவுதான் அந்த அரைமணி நேரத்தின் லாபம்.

எல்லோரும் திருந்திவிட்டார்கள் என்று நான் சொன்னால் நம்பாதீர்கள். பிரவீன் முன்வகுப்பில் பிரமாதமாகப் பேசுவான், மறுநாள் லேபில் பிரமாதமாகச் சமைப்பான்.

3. கடைசி செமஸ்டர்

ரெஜினாவுக்குக் கடைசி செமஸ்டர் சாதாரணமாக வரவில்லை. வெளியூரில் ஒரு நல்ல நிறுவனத்தில் எம்.எஸ்சி. சீட் கிடைத்திருந்தது. அரியர் ஒன்றுகூட இல்லாமல் டிகிரியை முடித்துக் காட்ட வேண்டும் என்பது நிபந்தனை. தியரியில் அவள் தவற மாட்டாள். ஜெனரல் லேப் பிராக்டிகலில் தவறினால் உடனே எழுத மறுபரீட்சை கிடையாது. மறுபடி அந்தப் பரீட்சை வரும்வரை ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

"ஒரு வருஷம் சும்மா வீட்டுல இருந்தேன்னு வைங்க மேடம், அதுக்குள்ள மாப்பிள்ளை பார்த்து முடிச்சிடுவாங்க" என்றாள். "எங்கப்பா நல்லவர்தான். ஆனா எங்க அத்தை ஏற்கனவே ரெண்டு போட்டோ கொண்டுவந்து வச்சிருக்காங்க."

"ஒண்ணும் ஆகாது, போய் ஒழுங்கா செய்" என்றேன். பெரியவர்கள் எதுவும் தெரியாதபோது சொல்வது அது.

பரீட்சைக்கு வெளித் தேர்வாளராக, அதாவது எக்ஸ்டர்னலாக, வந்தவர் சேதுராமன் என்ற பேராசிரியர். வெளியூர்க் கல்லூரி. உள் தேர்வாளரான இன்டர்னல் நான். பிராக்டிகல் பரீட்சையில் இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் மார்க் செல்லும் என்றாலும், மார்க் எக்ஸ்டர்னலுடையது என்பதும் கையெழுத்து இன்டர்னலுடையது என்பதும் எழுதப்படாத வழக்கம். எக்ஸ்டர்னலுக்குக் காலையில் டிபன், பதினொரு மணிக்குக் காபி, மதியம் தென்னூர் மெஸ்ஸிலிருந்து கேரியரில் சாப்பாடு. கருவிகளைச் சரிபார்க்க மறந்த துறைகள் உண்டு. சாப்பாட்டை மறந்த துறையை நான் பார்த்ததில்லை.

அன்று காலை எங்கள் லேபின் டார்ஷன் பெண்டுலத்தில் கம்பி பிடிப்போடு முறிந்துவிட்டது. லேப் அசிஸ்டன்ட் முருகேசன் பக்கத்து லேபிலிருந்து இன்னொரு செட்டைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார். இன்னொரு செக்‌ஷன் மாணவர்கள் பல வருடமாகப் பயன்படுத்தி வந்த செட். யாரும் ஒரு குறையும் சொன்னதில்லை.

எந்தச் சோதனை என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். காலை பேட்சில் பிரவீனுக்கு டார்ஷன் பெண்டுலம் வந்தது. சீக்கிரமே முடித்து, கிராஃபெல்லாம் அழகாகப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். பித்தளைக் கம்பிக்குப் புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறதோ, கிட்டத்தட்ட அதே விடை. சேதுராமன் சார் பார்த்ததும் தலையாட்டினார். "நல்லா ட்ரெயின் பண்ணியிருக்கீங்க மேடம்."

மதிய பேட்சில் அதே சீட்டு ரெஜினாவுக்கு வந்தது.

4. சாப்பாட்டுக்குப் பிறகு

மற்ற மேஜைகளில் கிராஃப் போட ஆரம்பித்துவிட்டார்கள். ரெஜினா மட்டும் இன்னும் எண்ணிக்கொண்டிருந்தாள். தட்டைத் திருகுவதும் விடுவதும், உதடு அசைய எண்ணுவதும், எழுதுவதும், மறுபடி திருகுவதுமாக இருந்தாள். நான் பக்கத்தில் போகக் கூடாது. இன்டர்னல் ஒரு மாணவியின் மேஜைக்குப் பக்கத்தில் அதிக நேரம் நின்றால் அது உதவி. தூரத்திலிருந்து பார்த்தபோது அவள் ஸ்க்ரூ கேஜை எடுத்துக் கம்பியை நாலைந்து இடத்தில் மறுபடி அளப்பது தெரிந்தது. ஏதோ சரியில்லை என்று எனக்குப் புரிந்தது.

சேதுராமன் சார் அவள் தாளை வாங்கிப் பார்த்தார். நேராகக் கடைசி வரிக்குப் போனார்.

"என்னம்மா இது? பித்தளைக்கு இவ்ளோ வருமா? ரெண்டு மடங்குக்கு மேல இருக்கு."

"ஆமா சார்."

"ஆமாவா? ஸ்க்ரூ கேஜ்ல ஜீரோ கரெக்‌ஷன் பார்த்தியா? வெறுமனே மூடினா சுழியில நிக்குதா?"

"பார்த்தேன் சார். திரும்பவும் பார்த்தேன். அதை விட்டிருந்தாலும் இவ்ளோ ஏறாது."

"அப்ப எண்ணினது தப்பு. பாதி ஆட்டத்தை முழு ஆட்டமா எண்ணியிருக்க. எல்லாரும் பண்றதுதான்."

"அப்படி எண்ணியிருந்தா நாலு மடங்கு வரணும் சார். எனக்கு ரெண்டு மடங்கு சொச்சம்தான் வருது."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். மற்ற மாணவர்களின் பென்சில் சத்தம் நின்றது. அந்தப் பெண் பேசுவது முழுக்க என் வராந்தாவில் கற்றது. அவளைப் பிரவீனைப் போலவே விட்டிருந்தால் இந்நேரம் ஒழுங்காக ஒரு விடையைச் சமைத்துக் கொடுத்து, நல்ல மார்க்கோடு காட்டூர் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பாள்.

"இங்க பாரும்மா" என்றார் சேதுராமன் சார். குரலில் கெட்ட எண்ணம் இல்லை. "காலையில ஒரு பையன் இதே செட்ல கரெக்டா கொண்டுவந்தான். இந்த ரிசல்ட்டுக்கு என்னால மார்க் போட முடியாது. ரிசல்ட்டுக்கும் ரீடிங்குக்கும் போச்சுன்னா நீ பாஸ் ஆக மாட்ட. இன்னும் டைம் இருக்கு. போய் ரீடிங்கை எல்லாம் கொஞ்சம் பார்த்து எழுதிக்கிட்டு வா."

பார்த்து எழுதிக்கொண்டு வா என்றால் என்ன என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். கருணையாகத்தான் சொன்னார்.

ரெஜினா என் பக்கம் திரும்பினாள். ஒரு விநாடிதான். நான் மெல்லத் தலையை ஆட்டியிருந்தால் போய் மாற்றி எழுதியிருப்பாள். நான் ஆட்டவில்லை. தைரியம் என்று நினைக்க வேண்டாம். அவள் எண்கள் ஏன் அப்படி வருகின்றன என்று எனக்கும் தெரியவில்லை. தெரியாத விஷயத்துக்குத் தலையாட்டி எனக்குப் பழக்கம் இல்லை.

"நீங்களே ஒரு தடவை எண்ணிப் பாருங்க சார்" என்றாள் அவள்.

"என்னது?"

"நான் திருகி விடுறேன். வாட்ச் நீங்க வச்சுக்கோங்க. எனக்கு வந்த டைம் உங்களுக்கு வரலைன்னா நான் மாத்தி எழுதுறேன்."

எக்ஸ்டர்னலிடம் ஒரு மாணவி ஸ்டாப்வாட்சை நீட்டியதை என் சர்வீசில் அன்றுதான் பார்த்தேன். அவர் வாங்கிக்கொண்டார். அவரும் ஒரு காலத்தில் லேபில் நின்றவர்தானே. தட்டு ஆடியது. அவர் எண்ணினார். நாங்கள் எல்லோரும் மனதுக்குள் எண்ணினோம். வாட்சை நிறுத்திப் பார்த்தார். தாளைப் பார்த்தார். மறுபடி வாட்சைப் பார்த்தார்.

"அதேதான் வருது" என்றார், தனக்குள் சொல்வது போல. பிறகு அவளிடம், "அப்ப என்னதான் சொல்ற நீ?"

"கம்பி பித்தளை இல்ல சார்."

"பார்த்தா தெரியலையா? பழசு. கறுத்துப் போயிருக்கு."

"கறுத்த பித்தளையா வேறயான்னு பார்த்துடலாம் சார்." என் பக்கம் திரும்பினாள். "மேடம், ஒரு பார் மேக்னெட் கிடைக்குமா?"

சேதுராமன் சார் என்னைப் பார்த்தார். எனக்கு விதிகள் தெரியும் என்று முன்பே சொன்னேன். பரீட்சையின்போது மாணவர் கேட்கும் கருவி லேபில் இருந்தால் இன்டர்னல் கொடுக்கலாம்; ஏன் என்று கேட்க வேண்டியதில்லை. இத்தனை வருடத்தில் மாணவர்கள் ரப்பர், கால்குலேட்டர், தண்ணீர் மட்டும்தான் கேட்டிருக்கிறார்கள். நானே போய் அலமாரியைத் திறந்து காந்தத்தை எடுத்து வந்து கொடுத்தேன்.

அவள் அதைக் கம்பியின் நடுவில் கொண்டுபோனாள். இன்னும் தொடவில்லை. கம்பி லேசாக வளைந்து வந்து காந்தத்தில் டக்கென்று ஒட்டிக்கொண்டது. பித்தளை காந்தத்தில் ஒட்டாது. கம்பி எஃகு.

"முருகேசன்!" என்று கூப்பிட்டேன்.

வந்தார், பார்த்தார், ஒன்றும் அதிர்ச்சி அடையவில்லை. "அதுங்களா மேடம்? பழைய கம்பி அறுந்துபோச்சு. கடையில அதே தடிமன்ல இதுதான் இருந்துச்சு, வாங்கி மாட்டினேன். அப்ப பக்கத்து லேப் சார்கிட்ட சொன்னேனே. சரி மாட்டு, எந்தக் கம்பியா இருந்தா என்னன்னாரு."

"எப்போ?"

"அது ஆச்சுங்க, நாலஞ்சு பேட்ச் போயிடுச்சு. எல்லாருக்கும் விடை சரியாத்தானே வந்துச்சு?"

மஞ்சள் கம்பி சாம்பல் நிறமாக மாறியிருக்கிறது. ஆட்டம் வேகமாகியிருக்கிறது. நாலைந்து பேட்ச் மாணவர்கள் எஃகுக் கம்பியைத் திருகி, பித்தளையின் விடையைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். அதில் ஆசிரியர்கள் சிவப்பு மையில் டிக் அடித்திருக்கிறார்கள். சமையல் அவ்வளவு சுத்தம்.

சேதுராமன் சார் நாற்காலியில் உட்கார்ந்தார். "எங்க காலேஜ்ல என்ன கம்பி தொங்குதோ மேடம்" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார்.

5. மார்க்

இந்த இடத்தில் ரெஜினாவுக்கு முழு மார்க் கிடைத்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். கிடைக்கவில்லை. சந்தேகத்தில் மறுபடி மறுபடி அளந்ததில் அவளுக்கு நேரம் போய்விட்டது. கிராஃப் பாதியில் நின்றது. மதிப்பெண் திட்டத்தில் ஃபார்முலாவுக்கு மார்க் உண்டு, ரீடிங்குக்கு உண்டு, கிராஃபுக்கு உண்டு. தொங்குவது என்ன கம்பி என்று கண்டுபிடித்ததற்கு இல்லை. சேதுராமன் சார் ரீடிங்குக்கும் விடைக்கும் முழுசாகப் போட்டார், வைவா என்ற வாய்மொழிக் கேள்விகளுக்கும் போட்டார், கிராஃபுக்குக் கழித்தார். கூட்டிப் பார்த்தால் தாராளமாகப் பாஸ். ஆனால் பிரவீனைவிடக் குறைவு.

காலை பேட்ச் தாள்களில் இருவரும் கையெழுத்துப் போட்டு, கவரை ஒட்டி அரக்கு வைத்தாயிற்று. ஒட்டிய கவரைப் பிரிக்க என்ன நடைமுறை என்பது எனக்குத் தெரியும். அதற்குள் அந்த பேட்சுக்குப் பேரப்பிள்ளைகள் பிறந்துவிடும்.

பரீட்சை முடிந்து மார்க்கை வாயால் சொல்லக் கூடாது. ரெஜினா வாசலில் நின்றாள்.

"மேடம், அத்தைகிட்ட என்ன சொல்லட்டும்?"

"போட்டோவைத் திருப்பிக் கொடுத்துடச் சொல்லு."

வேறொன்றும் நான் சொல்லவில்லை. ஆகவே எந்த விதியும் மீறப்படவில்லை. அவள் படியிறங்கிய வேகத்தில் கீழே வந்துகொண்டிருந்த துறைத்தலைவர் ஒதுங்கி நிற்க வேண்டியதாயிற்று.

6. வேறு விடை

அடுத்த வாரம் ஸ்டாக் சரிபார்ப்புக்காக லேபைத் திறந்து வைத்திருந்தேன். அந்தச் சமயத்தில் மாணவர்கள் யாரும் கல்லூரிப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. பிரவீன் வந்து நின்றான்.

"ரெஜினா சொன்னா மேடம். அது ஸ்டீல் கம்பியாமே?"

"ஆமா."

"எனக்கு மார்க்கைக் குறைச்சிடுவாங்களா?"

"குறைக்க மாட்டாங்க. கவர் ஒட்டியாச்சு."

அவன் நிம்மதியாகப் போய்விடுவான் என்று நினைத்தேன். போகவில்லை. டார்ஷன் பெண்டுலத்தின் பக்கம் போய் நின்றான். விரலால் கம்பியைத் தொட்டுப் பார்த்தான்.

"நான் அன்னைக்கு இதை ஆட்டிக்கூடப் பார்க்கல மேடம்" என்றான். பிறகு, "இப்ப ஒரு தடவை பண்ணிப் பார்க்கட்டுமா?"

ஸ்டாப்வாட்சைக் கொடுத்துவிட்டு நான் ஸ்டாக் வேலையைப் பார்த்தேன். வெகு நேரம் அவன் பக்கம் திரும்பவில்லை. ஒருமுறை எண்ணிக்கை தவறி, தன்னைத்தானே திட்டிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தது கேட்டது. சாயங்காலம் ஒரு தாளோடு வந்தான். அடித்துத் திருத்தி, மேலே கீழே எழுதிய அசிங்கமான தாள். மூன்று வருடத்தில் அவன் என்னிடம் காட்டிய தாள்களில் அழகில்லாதது அது ஒன்றுதான்.

"மேடம், எனக்கு ரெஜினாவோட விடை வரல. அதைவிடக் கொஞ்சம் கம்மியா வருது."

"சரி."

"புத்தகத்துல ஸ்டீலுக்குப் போட்டிருக்கிறதும் வரல."

"சரி."

"எங்க போச்சுன்னு பார்க்கணும் மேடம். ஆரம்தான்னு நினைக்கிறேன். ஸ்க்ரூ கேஜை இன்னொரு தடவை வச்சுப் பார்த்துட்டுப் போகட்டுமா? கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு."

இளம் ஆசிரியர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். மாணவன் புத்தகத்து விடையோடு வந்தால் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடலாம். அவன் உங்களிடம் எதுவும் கேட்க வரவில்லை. வேறு விடையோடு வந்து, அது எங்கே போனது என்று தானே தேட ஆரம்பித்தால், அவன் தயாராகிவிட்டான். முதல் வகுப்பிலேயே அப்படி வர வைக்கத்தான் அந்த அரைமணி நேரம். சிலருக்கு அது டிகிரி முடிந்த பிறகுதான் வருகிறது. அதற்கும் லேபைத் திறந்து வைத்திருக்க வேண்டும்.

நான் விளக்கைப் போட்டேன். பிரவீன் ஸ்க்ரூ கேஜை எடுத்து, ஒன்றும் பிடிக்காமல் முதலில் வெறுமனே மூடி, சுழி சரியாக நிற்கிறதா என்று பார்த்தான்.